வாயைத் திறந்தால்தான் விமானம்!

முகமூடி ஒன்று. முழங்கால் கவசம் இரண்டு. கண்ணைப் பறிக்கும் ஜெர்சி. நடுவில், எந்தக் கோணத்தில் பார்த்தாலும் துப்பாக்கி ஜாடையில் ஒரு வஸ்து. இப்படியொரு பெட்டி விமான நிலைய எக்ஸ்ரே திரையில் வந்தால் என்ன ஆகும்? அலாரம் அலறும், நாலு பேர் ஓடி வருவார்கள், ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றுதானே தோன்றுகிறது? அதுதான் இல்லை! அமெரிக்க விமான நிலையங்களில் அந்தத் துப்பாக்கி ஜாடைப் பொருள் சமர்த்தாக பெல்ட்டில் ஏறி, விமானத்தின் வயிற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. வம்பில் மாட்டுவது அதன் பக்கத்தில் கிடக்கும் பாட்டில். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டிலுக்குள் ஒன்றுமே கிடையாது!

பெயிண்ட்பால் ஆட்டக்காரர்களின் பயண ரகசியங்களைத் துருவப் போனால் முதலில் கையில் சிக்குவது இந்தக் காலி பாட்டில் கதைதான். வாருங்கள், பெட்டியைத் திறந்தே பார்த்துவிடுவோம்.

யார் இவர்கள்? எங்கே பறக்கிறார்கள்?

காற்றடைத்த ராட்சதத் தலையணைகள் மாதிரித் தடுப்புகள் நிற்கும் புல்வெளி. இந்தப் பக்கம் 5 பேர், அந்தப் பக்கம் 5 பேர். கையில் உள்ள மார்க்கரிலிருந்து (அதுதான் அந்தத் துப்பாக்கி ஜாடைப் பொருள்) சாயம் நிரப்பிய உருண்டைகள் நொடிக்கு 300 அடி வேகத்தில் பாயும். மணிக்கு என்று சொன்னால் ஏறக்குறைய 330 கிலோமீட்டர்! மேலே பட்டு உடைந்து சாயம் ஒட்டினால் நீங்கள் அவுட். இதுதான் போட்டிப் பெயிண்ட்பால்.

என்.எக்ஸ்.எல். என்ற பெயிண்ட்பால் லீக்கின் உலகக் கோப்பை, ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோவை ஒட்டிய கிசிம்மியில் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. சான் டியேகோ டைனஸ்டி அணி அதற்கு நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து வர வேண்டும். எட்மன்டன் இம்பாக்ட் கனடாவிலிருந்து வர வேண்டும். இவை பெயர் பெற்ற அணிகள். இவற்றுக்குப் பின்னால், வார நாட்களில் வேலைக்குப் போய், லீவு சொல்லிவிட்டுச் சொந்தக் காசில் பறந்து வரும் அமெச்சூர் அணிகள் வரிசை கட்டி நிற்கும். காரில் போனால் நாட்கணக்காகும் தூரம். ஆக, எல்லோருக்கும் விமானம். எல்லோருக்கும் அதே 23 கிலோ கட்டுப்பாடு!

முந்தைய நாள் இரவு: கூடத்தில் ஒரு கடை

பயணத்துக்கு முந்தைய இரவு ஓர் ஆட்டக்காரரின் வீட்டுக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தால், கால் வைக்க இடம் இருக்காது. சோபா மேல் ஜெர்சி, தரையில் பாட் எனப்படும் நீளமான பிளாஸ்டிக் குழல்கள். ஒவ்வொன்றும் 140 உருண்டைகளுக்கு மேல் கொள்ளும், இப்போது காலி. காலியாக இருக்கும் எதையும் சும்மா விடுவார்களா? பாட்களுக்குள் சாக்ஸைச் சுருட்டி நுழைக்கிறார்கள். உருண்டைகளை ஊட்டும் ஹாப்பரின் வயிற்றுக்குள் கையுறை. முழங்கால் கவசம் பெட்டியின் ஓரத்துக்கு அரண்.

நட்டநடுவில் மார்க்கர். அதன் முன்குழலான பேரலைக் கழற்றித் தனியாகச் சுற்றுகிறார்கள். பெட்டிக்குள் இடமும் மிச்சம், திறந்து பார்ப்பவருக்குப் படபடப்பும் மிச்சம். மெத்தை வைத்த உறைக்குள் மார்க்கர் போகும். உறை பெட்டிக்குள் போகும். பெட்டி கட்டாயம் செக்-இன். கைப்பெட்டியில் மார்க்கருக்கு இடமே கிடையாது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ. இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை: விமானத்தின் கீழ்த்தட்டில் சரி, பயணிகள் கேபினில் கூடாது. அவ்வளவுதான்.

அடுத்து பேட்டரி. இன்றைய மார்க்கருக்கும் ஹாப்பருக்கும் மின்சாரம் இல்லாமல் வேலை ஓடாது. பெட்டி எங்கோ குலுங்கும்போது ஹாப்பரின் ஸ்விட்ச் தானே அமுங்கினால்? உள்ளே மோட்டார் சுழல, பெட்டி 'கிர்ர்ர்' என்று முனகத் தொடங்கும்! முனகும் பெட்டியை எந்த விமான நிலைய ஊழியர்தான் ரசிப்பார்? அதனால் பேட்டரிகள் முதலிலேயே வெளியே. உதிரியாகக் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிகள் கைப்பெட்டிக்குள் மட்டும்தான் வரலாம். அது விமானப் பாதுகாப்பு விதி. தீப்பிடித்தால் ஆட்கள் இருக்கும் இடத்தில் பிடிக்கட்டும், உடனே அணைக்கலாம் என்பது கணக்கு.

அது சரி, பெட்டி தொலைந்தே போனால்? இந்தக் கூட்டத்தின் பழைய பெருச்சாளிகள் கைப்பையில் எதை வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். முகமூடி! மார்க்கரை நண்பரிடம் கடன் வாங்கலாம், ஜெர்சியை மைதானத்துக் கடையில் வாங்கலாம். முகத்துக்குப் பொருந்தி, மூச்சுக்காற்றில் மங்காமல், பழகிப்போன மாஸ்க்கை எவரிடம் கடன் கேட்பது? பெயிண்ட்பால் கண் பாதுகாப்புக்கென்றே ஏ.எஸ்.டி.எம். எஃப் 1776 என்று தனித் தரநிலை இருக்கிறது. மாஸ்க் இல்லாமல் மைதானத்துக்குள் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. ஆகவே ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மார்க்கர் சரக்கறையில் உருளும். மாஸ்க் மட்டும் மகாராஜா மாதிரி கேபினில் வரும்.

ஆபரேஷன் டேங்க்!

இப்போது வருகிறார் நம் கதாநாயகர். மார்க்கரின் பின்புறம் பொருத்தும் காற்று டேங்க். கறுப்புக் கார்பன் நார் சுற்றிய குண்டுப் பாட்டில். போட்டிகளில் பரவலாகப் பார்க்கக்கூடியது 68 கன அங்குல அளவு, அதாவது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் அடைபடும் அழுத்தமோ 4,500 பி.எஸ்.ஐ.! கடல்மட்டக் காற்றழுத்தத்தைப்போல 300 மடங்குக்கும் மேல். நிரப்பிய பிறகு உள்ளே இருக்கும் வெறுங்காற்றின் எடை மட்டுமே ஏறத்தாழ 350 கிராம். காற்றை எடை போட்டுப் பார்க்கும் விளையாட்டு வேறு எங்கே உண்டு?

இவ்வளவு அழுத்தத்தை மார்க்கர் தாங்காது. அதனால் டேங்கின் வாயில் ரெகுலேட்டர் என்ற பித்தளைக் காவலாளி உட்கார்ந்திருக்கிறார். 4,500-ஐ சுமார் 800-ஆக இறக்கி வெளியே அனுப்புவது அவர் வேலை. மார்க்கருக்குள் இருக்கும் இன்னொரு ரெகுலேட்டர் அதை மேலும் குறைத்து, மெல்லிய உருண்டை உடையாமல் வெளியே போகும் அளவுக்குக் கொண்டுவரும்.

சரி, பறக்கப் போகிறோம், காற்றை மொத்தமாகத் திறந்துவிட்டாயிற்று, அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. இனி என்ன தடை? தடை இருக்கிறது! டி.எஸ்.ஏ.வுக்கு முள் போதாது. ரெகுலேட்டரை முழுசாகக் கழற்றியிருக்க வேண்டும். டேங்கின் வாய் திறந்திருக்க வேண்டும். சோதனை செய்பவர் உள்ளே கண்ணால் பார்க்க முடிய வேண்டும். அப்போதுதான் அனுமதி. வாய் மூடிய டேங்க், காலியே ஆனாலும், ஏறாது. வாய் திறந்த டேங்க்கோ செக்-இன் பெட்டியிலும் போகலாம், கைப்பெட்டியிலும் போகலாம்! இதற்கு மேல் கெடுபிடி காட்டும் விமான நிறுவனங்களும் உண்டு என்பதால், டிக்கெட் போடும்போதே அவர்கள் விதியையும் படித்துவிடுவது இந்தக் கூட்டத்தின் வழக்கம்.

ஏன் இந்தப் பிடிவாதம்? யோசித்துப் பாருங்கள். நிறைந்த டேங்கும் காலி டேங்கும் வெளியிலிருந்து பார்க்க அச்சு அசல் ஒன்றுதான். கேஜ் பழுதாகியிருக்கலாம், முள் சிக்கியிருக்கலாம். பெட்டிகள் சரசரவென்று ஓடும் இடத்தில் நிற்பவர் யார் பேச்சை நம்புவார்? ஓட்டை ஒன்றுதான் பொய் சொல்லாது.

இன்னொன்று, டி.எஸ்.ஏ. ஆட்கள் உங்களுக்காகக் கழற்றித் தரவும் மாட்டார்கள். கழற்றிக்கொண்டு வருவது உங்கள் பாடு. ஆகவே பயணத்துக்கு முன்பே ஆபரேஷன். ஏர்ஸ்மித் என்றழைக்கப்படும் மெக்கானிக்கிடம் டேங்க் போகிறது. முதலில் சொட்டுக் காற்றுகூட இல்லாமல் வெளியேற்றம். பிறகு பாட்டிலைக் கீறாமல் ரப்பர் வைத்துப் பிடித்து, ரெகுலேட்டரை மெதுவாகத் திருகுவார். துளி 'உஸ்' சத்தம் கேட்டாலும் கை அங்கேயே நிற்கும். உள்ளே மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த மிச்சத்தோடு விளையாடினால் ரெகுலேட்டர் ஏவுகணை ஆகிவிடும். தெரியாத கை இந்த வேலையில் இறங்கவே கூடாது.

கழன்றதும் மூன்று பொட்டலங்கள்: பாட்டில் ஒன்று, ரெகுலேட்டர் ஒன்று, கண்ணுக்கே தெரியாத ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று. தூசி உள்ளே புகாமல் இருக்கப் பாட்டிலுக்குக் கண்ணாடி போன்ற ஜிப் பை. அதன் மேல், டி.எஸ்.ஏ. விதி அச்சிட்ட ஒரு தாள்! பெட்டியைத் திறப்பவர் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான். 'ஐயா, உங்கள் விதிப்படியே வாயைத் திறந்து வைத்திருக்கிறேன்' என்று பாட்டிலே கைகட்டிப் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ரோதனையே வேண்டாம் என்று டேங்க்கை முன்கூட்டியே தரைவழிப் பார்சலில் அனுப்பிவிடுபவர்கள் உண்டு. போகும் ஊரில் வாடகைக்கு எடுப்பவர்களும் உண்டு. சொந்தப் பாட்டில்தான் வேண்டும் என்ற பிடிவாதக்காரர்களுக்குத்தான் ஆபரேஷன்.

மேலே போனால் வெடிக்குமா?

கேட்காத ஆள் இல்லை: 'அத்தனை உயரத்தில் டேங்க் வெடித்துவிடாதா?' கணக்கு போட்டால் சிரிப்பு வரும். தரையில் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. பறக்கும்போது விமானத்துக்குள் அது 11-ஐ ஒட்டிக் குறைகிறது. வித்தியாசம் நாலுக்கும் குறைவு! 4,500-ஐத் தாங்கும் பாட்டிலுக்கு அந்த நாலு ஒரு பொருட்டே இல்லை. பயம் உயரத்தைப் பற்றியது அல்ல. அடைத்த காற்று, விமானப் போக்குவரத்தின் ஆபத்துப் பொருள் பட்டியலில் தீப்பற்றாத அழுத்த வாயு என்று தனி வகையாகவே இருக்கிறது. அடிபட்டு வால்வு உடைந்தாலோ, சரக்கறையில் தீ வந்து சூடேறினாலோ அந்தச் சின்னப் பாட்டில் என்ன செய்யும் என்பதுதான் கவலை.

இதில் இன்னொரு கிசுகிசு. 1970-களில் நெல்சன் பெயிண்ட் கம்பெனிக்காக வந்த நெல்ஸ்பாட் 007 என்ற கருவிதான் இந்த விளையாட்டின் கொள்ளுத்தாத்தா. காட்டில் வெட்ட வேண்டிய மரத்துக்கும், மந்தையில் பிரிக்க வேண்டிய மாட்டுக்கும் தூரத்திலிருந்தே சாய அடையாளம் போட உருவானது. 1981 ஜூன் 27 அன்று, நியூ ஹாம்ப்ஷயரின் ஹெனிக்கரில் 12 பேர் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் புகுந்தார்கள். முதல் பெயிண்ட்பால் ஆட்டம் பிறந்தது. ஜெயித்த ரிச்சி வைட் காட்டையும் மரத்தையும் தொழிலாகக் கொண்டவர். ஒரு முறைகூடச் சுடாமலேயே, எடுக்க வேண்டிய கொடிகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்! அந்தக் கருவியை இயக்கியது 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி, விரல் நீளம்தான். அந்தக் குப்பியைக் கழற்ற முடியாது, வாயைத் திறந்து காட்டவும் முடியாது; சீல் வைத்தபடிதான் கடையில் கிடைக்கும். ஆகவே, இந்த விளையாட்டைப் பெற்றெடுத்த அந்தச் சின்னக் குப்பிக்குக் காலி என்று நிரூபித்துப் பறக்க வழியில்லை. பெரிய பாட்டிலுக்காவது வாய் திறக்கும் சலுகை உண்டு!

கவுன்ட்டரும் அதற்குப் பின்னாலும்

செக்-இன் கவுன்ட்டரில் பெட்டி தராசு ஏறும்போது அணியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். 23.6 என்று காட்டுகிறதா? அங்கேயே, அப்போதே, பெட்டி திறக்கப்படும். ஒருவர் காலணியை இன்னொருவர் பெட்டிக்கு மாற்றுவார். இரண்டு ஜெர்சிகளை மேலேயே மாட்டிக்கொள்வார். ஆனால் ஒரு ஒழுங்கு கண்டிப்பாக உண்டு: என்ன ஆனாலும் மார்க்கர் மட்டும் வெளியே தலை காட்டாது. விமான நிலையக் கூடத்தில் அதை எடுத்து நீட்டி 'பார் மச்சான், புதுசு' என்று காட்டும் கோமாளிக்கு அடுத்த போட்டியில் டீமில் இடம் கிடைக்காது. சட்டப்படி அது வெடிமருந்துத் துப்பாக்கி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பத்தடி தள்ளி நிற்கும் போலீஸ்காரருக்குத் தெரியுமா?

பெட்டி பெல்ட்டில் நழுவி, ரப்பர்த் திரைக்குப் பின்னால் மறைகிறது. அங்கே ஸ்கேனர். எக்ஸ்ரே திரையில் உலோகம் நீல நிறமாகவும், உணவு, துணி, பிளாஸ்டிக் வகையறா ஆரஞ்சாகவும் தெரியும். நீல உருவம் மார்க்கர், ஆரஞ்சுக் கூட்டம் கவசங்களும் குழல்களும். சந்தேகம் வந்தால் பெட்டியைத் திறப்பார்கள், பார்ப்பார்கள், மூடுவார்கள். பெட்டிக்காரர் அருகில் இருக்க வேண்டும் என்பதில்லை. சோதித்ததற்கு அடையாளமாக அச்சிட்ட சீட்டு ஒன்றை உள்ளே போட்டுவிடுவார்கள். போய் இறங்கிப் பெட்டியைத் திறந்ததும் அந்தச் சீட்டு வழுக்கி விழும். 'ஆஹா, யாரோ என் சாக்ஸைப் பார்த்துவிட்டார்கள்!'

உருண்டைகள் ஏன் பறப்பதில்லை?

இவ்வளவையும் மூட்டை கட்டினார்களே, சுடும் உருண்டைகள் எங்கே? அதை மட்டும் கொண்டுபோவதில்லை! ஒவ்வொன்றும் .68 அங்குலம், எடை 3 கிராம் அளவில். ஒரு பெட்டியில் 2,000 உருண்டைகள். அப்படியானால் ஒரு பெட்டியே 6 கிலோவுக்கு மேல். போட்டி நாளில் மார்க்கர் நொடிக்குச் சுமார் 10 உருண்டைகள் துப்பும் என்றால், நாலு பெட்டி எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும்? இதைச் சுமக்க ஆரம்பித்தால் கூடுதல் லக்கேஜ் கட்டணத்திலேயே அணி போண்டி!

எடை ஒரு காரணம். குணம் இன்னொரு காரணம். மேல் ஓடு ஜெலட்டின். மருந்துக் கடையில் வாங்கும் மீன் எண்ணெய் மாத்திரையின் அதே ஓடு. ஆரம்ப கால உருண்டைகளைச் செய்து கொடுத்ததே மாத்திரை உறை தயாரித்த ஆர்.பி. ஷெரர் நிறுவனம்தான். ஈரக்காற்று பட்டால் இந்த ஓடு மழைக்காலத்து அப்பளம் மாதிரி நமுத்து, உப்பிப்போகும். குளிர்ந்தால் மொறமொறத்துப் பேரலுக்குள்ளேயே உடையும். வறண்ட ஊரில் கச்சிதமாக இருந்தது ஃப்ளோரிடாவின் புழுக்கத்தில் பருத்துவிடும். ஆகவே உருண்டை அந்தந்த ஊரில், போட்டி நடக்கும் இடத்திலேயே வாங்குவது.

அப்படியானால், பெட்டிக்குள் இன்னும் சில குட்டிக் குழாய்கள் கிடக்கின்றனவே, அவை எதற்கு? அதுதான் அடுத்த தந்திரம். ஒரு நூலிழை அளவு வித்தியாசத்தில் பல உள்விட்டங்கள் கொண்ட பேரல் உட்குழாய்கள். மைதானத்தில் உருண்டை வாங்கியதும் ஒவ்வொரு குழாயிலும் போட்டு வாயால் ஊதிப் பார்ப்பார்கள். தானாக உருண்டு விழுந்தால் குழாய் பெரிது. ஊதியும் நகராவிட்டால் சிறிது. லேசாக ஊதியதும் 'புளுக்' என்று வந்தால், பொருத்தம் பார்த்தாயிற்று, அன்றைய ஜோடி அதுதான்!

எல்லை தாண்டினால் வேறு கதை

இதுவரை சொன்னது அமெரிக்கக் கதை. அதே பெட்டியோடு வேறு நாட்டில் இறங்கினால் அடுத்த அத்தியாயம். ஜெர்மனியில் மார்க்கர் உருண்டையின் சக்தி 7.5 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. ஐங்கோணத்துக்குள் எஃப் எழுத்து பொறித்த முத்திரை வேண்டும். வைத்திருப்பவருக்கு வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். அமெரிக்கப் போட்டி வேகத்தில் பறக்கும் 3 கிராம் உருண்டையின் சக்தியைக் கணக்குப் போட்டால் 12 ஜூல் அளவைத் தாண்டுகிறது. அமெரிக்காவில் சகஜம், ஜெர்மனியில் சட்டமீறல்! ஆஸ்திரேலியாவிலோ மார்க்கரே துப்பாக்கிக் கணக்கில்தான் வரும். முன்அனுமதி இல்லாமல் சுங்கத்தைத் தாண்டாது. கப்பலேறும் முன் கடவுச்சீட்டைப் பார்ப்பதுபோல, இவர்கள் நாட்டுக்கு நாடு மார்க்கரின் ஜாதகத்தையும் பார்த்தாக வேண்டும்.

மறுபடி வாயை மூடு!

நம் அமெரிக்கக் கதைக்கே திரும்புவோம். இறங்கியாயிற்று. மைதானத்தில் மார்க்கர் கம்பெனிகளின் பழுதுநீக்கக் கூடாரங்கள். ஏர்ஸ்மித்துகள் மேஜைக்குப் பின்னால் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வாய் பிளந்த டேங்க்குகள் வரிசையாக வருகின்றன. மரையைத் துடைத்து, ஓ-ரிங்கைப் பரிசோதித்து, ரெகுலேட்டரை ஏற்றுகிறார்கள். பெட்ரோலிய கிரீஸ் பக்கமே போகக் கூடாது. கடும் அழுத்தக் காற்றோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பற்றலாம். பாட்டிலில் பதித்த தேதியையும் ஒருவர் உற்றுப் பார்க்கிறார். அமெரிக்க விதிப்படி 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை ஆகியிருக்க வேண்டும். தேதி தாண்டியிருந்தால், விமானத்தை ஏமாற்றி வந்தவரும் இங்கே ஏமாற்ற முடியாது.

பிறகு காற்று நிரப்பும் இடம். குழாயைச் செருகியதும் 'ஷ்ஷ்ஷ்' என்று முள் ஏறுகிறது: 1,000, 2,000, 4,000... கவனித்தீர்களா? துணி, கவசம், மார்க்கர், மாஸ்க், 5 விதமான குழாய் என்று கண்டம் தாண்டிச் சுமந்து வந்தார்கள். ஆட்டத்துக்கு உயிரான காற்றை மட்டும் யாருமே கொண்டுவரவில்லை. கொண்டுவரவும் விடவில்லை. அது போகிற ஊரெல்லாம் கிடைக்கிறது!

விசில். 5 பேரும் தடுப்புகளை நோக்கிப் பாய்கிறார்கள். டேங்க்கைப் பிரித்து, விதித் தாள் வைத்து, ஜெர்சி மேல் ஜெர்சி மாட்டி, முகமூடியை மடியில் வைத்துப் பறந்து வந்த நம்மாள் முதல் தடுப்பைத் தொடுவதற்குள்... 'டப்'! மாஸ்க் நடுவே மஞ்சள் சாயம். மூன்றே நொடி, அவுட். இதற்காகவா இத்தனை பாடு என்று கேட்டால் முகமூடிக்குள்ளிருந்து சிரிப்புதான் பதிலாக வருகிறது. சாயத்தைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, டேங்க்கை நீட்டி அவர் சொல்கிறார்: "அதை நிரப்புப்பா, அடுத்த பாயிண்ட்டுக்கு நேரமாச்சு!"